ஒரு வாரம் பொறுத்தால் என்ன?

துப்பறியும் தொடர் பார்க்கிற பெண்கள் என்றால் நம் வீட்டு ஆண்களுக்கு ஓர் இளக்காரம். "அடுப்பிலே பால் பொங்கி வழியுது, இவ கொலைகாரனைத் தேடிக்கிட்டு உட்கார்ந்திருக்கா" என்பார்கள். பால் பொங்கியது என்னவோ நிஜம்தான். ஆனால் சகோதரிகளே, வாரா வாரம் காத்திருந்து ஒரு மர்மத் தொடரைப் பின்தொடர்வதில் குடும்பத்துக்கு உபயோகமான பாடம் ஒன்று இருக்கிறது. இந்த இதழில் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

காத்திருப்பது நமக்குப் புதிதல்ல. தேவனின் துப்பறியும் சாம்பு ஆனந்த விகடனில் வந்த நாளிலிருந்தே நம் பாட்டிமார் அடுத்த இதழுக்காக வாசல் பார்த்தவர்கள்தான். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் - வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக் என்று எத்தனை பேர்! தொடர்கதையைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, பைண்டு பண்ணி வைக்காத வீடு உண்டா?

தொலைக்காட்சி வந்தபோது அந்தப் பழக்கம் அப்படியே கூடத்துக்கு இடம் மாறியது. 1985-இல் தூர்தர்ஷனில் 'கரம்சந்த்' வந்தது. பங்கஜ் கபூர் காரட்டைக் கடித்துக்கொண்டே துப்பு துலக்குவார். 1993-இல் பாசு சாட்டர்ஜி இயக்கிய 'வியோம்கேஷ் பக்ஷி'. வேட்டி கட்டிய வங்காளத் துப்பறிவாளராக ரஜித் கபூர். இரண்டுமே இந்தி. எங்கள் புதுச்சேரியில் பிரெஞ்சு பேசுகிற பாட்டிமார் தெருவுக்கு ரெண்டு பேர் இருந்தார்கள். இந்தி தெரிந்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் என்ன? முகத்தையும் கையையும் பார்த்தே பாதிக் கதையைப் பிடித்துவிட்டோம். மீதிப் பாதியைத் திண்ணையில் உட்கார்ந்து நாமே கட்டினோம்.

ஆனால் எங்கள் தெருப் பெண்களை உண்மையிலேயே கட்டிப்போட்டது 'மர்மதேசம்'தான். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு, இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்து, நாகா இயக்கம். 1995-இல் 'ரகசியம்' என்று தொடங்கிய வரிசையில் அடுத்து வந்தது 'விடாது கருப்பு'. 1997-இல் அது சன் டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தபோது, முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே அந்த அரை மணி நேரம் அடங்கிப்போகும். கேபிள் இல்லாத வீட்டுப் பெண்கள் கேபிள் இருக்கிற வீட்டுக்குக் கைவேலையோடு வந்துவிடுவார்கள். ஒருத்தர் மடியில் கீரைக்கட்டு, இன்னொருத்தர் மடியில் கைக்குழந்தை.

ஒரு கிராமம். அங்கே காவல் தெய்வமாகக் கருப்பு. தப்பு செய்தவர்களை ராத்திரியில் குதிரையில் வந்து தண்டிக்கிறதாம். நிஜமாகவே சாமிதானா, சாமி பேரைச் சொல்லிக்கொண்டு மனுஷன் செய்கிற வேலையா? கதை பழைய காலத்துக்கும் புதுக் காலத்துக்கும் மாறி மாறிப் போகும். 'சபாபதி' படத்தில் 1941-லேயே நம்மைச் சிரிக்க வைத்த சி.டி. ராஜகாந்தம், இதில் கிழவியாக வந்து வயிற்றைக் கலக்கினார். சேத்தனும் தேவதர்ஷினியும் பிரபலமானது இந்தத் தொடரில்தான்; பிற்பாடு அவர்கள் நிஜத்திலும் தம்பதிகளானார்கள்.

எங்கள் தெருவில் இரண்டு கட்சிகள் உண்டாயின: சாமி கட்சி, மனுஷன் கட்சி. மறுநாள் காலை பால் வாங்கும்போது சண்டை ஆரம்பிக்கும். பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போகிற வரைக்கும் ஓயாது. "அந்த ஆளுதான்க்கா, கண்ணைப் பாருங்க, திருட்டு முழி" என்பாள் ஒருத்தி. அடுத்த வாரம் 'அந்த ஆள்' பேரில் ஒரு தப்பும் இல்லை என்று தெரியவரும். உடனே சந்தேகம் இன்னொருவர் மேல் தாவும். மூன்றாம் வாரம் அவரும் இல்லை. இப்படியே மாசக்கணக்கில் போனால் என்ன ஆகும்? முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற வழக்கம் மெல்ல மெல்லக் குறையும். 'சந்தேகம் வேறு, சாட்சி வேறு' என்பது யாரும் சொல்லாமலே மனசில் இறங்கிவிடும். நான் சொல்ல வந்த பாடம் இதுதான்.

இது சினிமாவுக்கு மட்டும் ஆகிற பாடம் என்று நினைக்காதீர்கள். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நடந்ததைச் சொல்கிறேன். தொடர் ஓடிக்கொண்டிருந்த அதே சமயம். பிரசவமாகி நாலு மாசமே ஆன மருமகளுடைய கம்மலில் ஒன்றைக் காணவில்லை. தாய் வீட்டில் போட்ட கல் கம்மல். அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கப் பதினாறு வயதுப் பெண் ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். மாமியார் யோசிக்கவே இல்லை.

"அவதான் எடுத்திருப்பா. நேத்து அவ மூஞ்சியே சரியில்ல."

மருமகள் நிதானமாகச் சொன்னாளாம்: "அத்தே, போன வாரம் நாடகத்துல அந்த ஆளு மூஞ்சியும்தான் சரியில்ல. இந்த வாரம் அவரு இல்லேன்னு ஆயிடுச்சே. கடைசியா கம்மலை எப்பப் பாத்தோம், அதைச் சொல்லுங்க மொதல்ல."

மாமியார் மனுஷன் கட்சி! பதில் சொல்ல முடியவில்லை. இருவரும் உட்கார்ந்து நாளைத் திருப்பிப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது இருந்தது. சாயங்காலம் விளக்கேற்றும்போது இல்லை. நடுவில் திருகு லூசாகியிருக்குமோ? குளியலறை, தலையணை உறை, துடைப்பத்தில் ஒட்டிய குப்பை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் தூளிச் சேலையைத் துவைக்க அவிழ்த்தபோது, முடிச்சுக்குள்ளிருந்து கம்மல் விழுந்தது. குழந்தையைக் குனிந்து கிடத்தும்போது நழுவியிருக்கிறது.

அந்த மூன்று நாளும் அந்தப் பெண் வழக்கம்போல் வந்தாள், பாத்திரம் தேய்த்தாள், குழந்தையைக் கொஞ்சினாள். தன் மேல் ஒரு பழி விழ இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வார்த்தை வெளியே விழுந்திருந்தால்? கம்மல் கிடைத்த பிறகு மன்னிப்புக் கேட்கலாம். ஆனால் 'திருடி' என்று ஒரு தெருவில் பேர் வாங்கிய பெண்ணுக்கு அடுத்த தெருவில் யார் வேலை கொடுப்பார்கள்?

பிரான்ஸ் தேசத்துக் கதைகளிலும் இந்தப் பொறுமை உண்டு. எங்கள் ஊரில் 'சொல்தா' வீடு என்பார்களே, பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பம், அப்படி ஒரு வீட்டு அத்தை பிரெஞ்சு சானலில் மெக்ரே பார்த்துவிட்டு எங்களுக்குத் தமிழில் கதை சொல்வார். ஜார்ஜ் சிமெனோன் எழுதிய போலீஸ் கமிஷனர் அவர். புரூனோ கிரெமெர் என்ற நடிகர் 1991 முதல் 2005 வரை 54 கதைகளில் அந்த வேஷம் கட்டினார். "மெக்ரே ஓட மாட்டாரும்மா, பைப்பைப் பத்த வெச்சிக்கிட்டு உட்காந்து, அவன் ஏன் அப்படிச் செஞ்சான்னு மொதல்ல புரிஞ்சுக்கப் பாப்பாரு" என்பார் அத்தை. வீட்டில் மதாம் மெக்ரே சமைத்து வைத்துவிட்டுக் காத்திருக்கிற காட்சியைச் சொல்லும்போது மட்டும் அவருக்குக் குரல் இறங்கும். எல்லா ஊரிலும் நம் பாடு ஒன்றுதான் போலிருக்கிறது!

இப்போது காலம் மாறிவிட்டது. 2022-இல் வந்த 'சுழல்' நல்ல தொடர்தான். காணாமல் போன பெண்ணைத் தேடுகிற கதை. ஆனால் 8 பகுதிகளையும் ஒரே நாளில் கையில் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மேல் சந்தேகம் வந்த பத்தாவது நிமிஷத்தில் விடை வந்துவிட்டால், சந்தேகத்தை மனசில் வைத்துப் புரட்டிப் பார்க்க ஏது நேரம்? பக்கத்து வீட்டு அக்காவோடு வாதாட ஏது இடம்? குழந்தை தூங்கிய பிறகு, கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, விடியற்காலை வரை தன்னந்தனியாகப் பார்த்து முடிக்கிற இளம் தாய்மார்களை நான் அறிவேன். மறுநாள் கண் எரிச்சல், தலைவலி, குழந்தை மேல் எரிந்து விழுதல். இதெல்லாம் தேவையா?

அதனால் எனக்குத் தோன்றிய சில யோசனைகள்:

● முழுத் தொடரும் கையில் இருந்தாலும், வாரத்துக்கு ஒன்று என்று வீட்டில் சட்டம் போடுங்கள். ஒரு கிழமையை ஒதுக்கி, மாமியாரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

● பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: யார் மேல் சந்தேகம், ஏன், அதற்கு என்ன சாட்சி. மூன்றாவது கட்டம் காலியாகவே இருப்பதைப் பார்த்து உங்களுக்கே சிரிப்பு வரும்.

● பெரியவர்களுக்கு ராத்திரி 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கு 9 முதல் 12 மணி நேரம். படுக்கப் போகுமுன் கைபேசி வெளிச்சம் கண்ணில் விழுந்தால் தூக்கம் தள்ளிப் போகும். ஆகவே தொடரைச் சாயங்காலமே பார்த்துவிடுங்கள். கைக்குழந்தைக்காரர்களுக்குத் தூக்கம் கிடைப்பதே அபூர்வம், அதைத் தொடருக்குத் தாரை வார்க்காதீர்கள்.

● கொலை, ரத்தம் வருகிற தொடரைச் சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். "சாப்பிடலேன்னா கருப்பு வந்துடும்" என்று பூச்சாண்டி காட்டிச் சோறு ஊட்டுவதும் வேண்டாம். சோறு இறங்கும், ஆனால் பயம் ராத்திரியில் எழுந்து வரும்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானார். செய்தி வந்த அன்று எங்கள் தெருவில் பழைய 'கட்சிக்காரர்கள்' மறுபடி ஒன்றுகூடி, பழைய சண்டையைப் புதுப்பித்துக்கொண்டோம். 'விடாது கருப்பு' யூடியூபிலும் வந்துவிட்டதால், அப்போது பிறக்காத பெண்களும் இப்போது பார்க்கிறார்கள். பார்க்காதவர்கள் பாருங்கள், வாரம் ஒன்றாக. நீங்கள் சாமி கட்சியா, மனுஷன் கட்சியா என்று உங்கள் தெருவில் சண்டை போடுங்கள். ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து முடிவை மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்!