ஆறிவிட்டதா என்று கேட்காதீர்கள்

ஓவியம் வரையும் பெண்ணைப் பாராட்ட நம்மிடம் இரண்டு தொடர்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. ஒன்று, 'தானாகவே கற்றவர்'. இன்னொன்று, 'வரைந்து வரைந்தே மனக்காயத்தை ஆற்றிக்கொண்டவர்'. இரண்டும் கேட்க இதமானவை. இரண்டையும் நான் மறுக்கிறேன்.

தென்னூர் உழவர் சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இந்தப் பாராட்டுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். இரவுப் பாத்திரங்களைக் கழுவி முடித்தபின் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, கான்வாஸில் பழைய பருத்திப் புடவையின் கிழிசலை ஒட்டி, அதன்மேல் மணல், நூல், அக்ரிலிக் வண்ணம் என்று அடுக்குகிறவர்கள். கலையுலகம் இதைக் கலப்பு ஊடகம் என்கிறது. வீடு இதைப் பொழுதுபோக்கு என்கிறது. விடிந்தால் மேசை இட்லித் தட்டுக்கு வேண்டும். படம் கட்டிலுக்கு அடியில் போகும்.

'தானாகவே கற்றவர்' என்றால் ஆசிரியர் இல்லாதவர் என்று பொருளாகிறது. வாசலில் குந்தி, அம்மா வைக்கும் புள்ளிகளை எண்ணிய சிறுமிக்கு ஆசிரியர் இல்லையா? மார்கழியில் திருவரங்கத்துத் தெருக்களில் போடப்படும் சிக்குக்கோலம் விரலிலிருந்து விரலுக்குப் போகும் பாடம். சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி முதலானோர் 1970களில் இந்தக் கோலங்களைக் கொண்டு கணினி அறிவியலுக்கான பட இலக்கணங்களை ஆராய்ந்தார்கள். அந்த இலக்கணத்தைக் கையில் வைத்திருந்தவர்களையோ நாம் இன்றும் பயிற்சி இல்லாதவர்கள் என்றே எழுதுகிறோம். அம்மாவின் கை பள்ளிக்கூடமாகக் கணக்கில் வரவில்லை. கூடவே, 'பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஓவியப் படிப்பு' என்று சொல்லிக் கல்லூரி வாசலை அடைத்தவர்களும் அந்தத் தொடருக்குள் பத்திரமாக ஒளிந்துகொள்கிறார்கள்.

இரண்டாவது தொடர் இன்னும் ஆபத்தானது. அதைப் புரிந்துகொள்ள மிதிலைக்குப் போக வேண்டும்.

பீகாரின் மிதிலைப் பகுதியில் 1928இல் பிறந்தவர் கங்கா தேவி. நம் கோலத்தைப் போலவே, வீட்டுப் பெண்களிடமிருந்து சுவரோவியம் கற்றவர். கணவர் இன்னொரு பெண்ணை மணந்துகொண்டார். கங்கா தேவிக்கு வறுமை மிஞ்சியது. 1960களின் நடுவில் பீகாரை வறட்சி வாட்டியபோது, கைவினை வாரியத்தின் முயற்சியால் மிதிலைப் பெண்களின் கைக்குக் காகிதம் வந்தது. சுவரில் இருந்தது விலைபோகும் படமாயிற்று. கங்கா தேவி மெல்லிய கோடுகளால் பெண்ணின் வாழ்க்கைச் சுழற்சியை வரைந்தார். அமெரிக்கா போய்வந்து ரோலர் கோஸ்டரை வரைந்தார். 1984இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

பிறகு புற்றுநோய் வந்தது. சிகிச்சைக் காலத்தில் அவர் தன் நோயையே ஓவியத் தொடராக்கினார். மருத்துவமனை, மருத்துவர்கள், படுக்கை, அதில் கிடக்கும் தன் உடல். ராமாயணக் காட்சிகளை வரைந்த அதே கோடு ஊசிக்கும் வார்டுக்கும் வந்தது. இதைத்தான் 'ஓவியத்தால் குணமடைதல்' என்று சுருக்குகிறார்கள். அவர் குணமடையவில்லை. 1991இல் இறந்துபோனார். அப்படியானால் அந்தப் படங்கள் தோற்றுவிட்டனவா? நோய் தன்னைத் தின்னும்போதும், தன்னைப் பார்க்கும் உரிமையை மருத்துவரிடம் முழுதாக ஒப்படைக்க மறுத்தவர் அவர். அதற்கு மருந்து என்று பெயர் வைக்காதீர்கள். அது சாட்சியம்.

வண்ணம் ஆறுதல் தரும். தூக்கமற்ற இரவில் தூரிகை பிடித்த எவளுக்கும் இது தெரியும். அந்த ஆறுதலை நான் ஏளனம் செய்யவில்லை. ஆனால் 'ஆறிவிட்டதா?' என்று கேட்கிறவர்கள் 'அடித்தது யார்?' என்று கேட்பதில்லை. குடித்துவிட்டு வந்த கை, வரதட்சிணை கேட்ட வாய், பிள்ளை இல்லை என்று விரட்டிய வீடு எல்லாம் தப்பித்துக்கொள்கின்றன. காயம்பட்டவளே மருந்தும் அரைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் கைதட்டு வேறு. ஆண் துயரத்தை வரைந்தால் தரிசனம் என்கிறோம், பெண் வரைந்தால் சிகிச்சை என்கிறோம். சிகிச்சை முடிந்தால் சீட்டைக் கிழித்துப் போடலாம் அல்லவா?

கிழித்துத்தான் போட்டார்கள். மிதிலையில் மணமக்களின் அறைச் சுவரில் வரைவது கோஹ்பர். மணவாழ்க்கையால் கைவிடப்பட்ட கங்கா தேவி, நோயுற்ற நாட்களில், தில்லி கைவினை அருங்காட்சியகத்தில் ஓர் அறை முழுக்கக் கோஹ்பர் வரைந்தார். 2015இல், சீரமைப்பு என்ற பெயரில் அந்தச் சுவர் ஓவியம் அழிக்கப்பட்டது. பத்மஸ்ரீ கொடுத்த அரசின் அருங்காட்சியகத்திலேயே இது நடந்தது. பாராட்டு ஒரு படத்தையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டாம்.

ஆகவே, தூரிகை பிடித்திருக்கும் தோழிகளே, 'நல்லா இருக்கே, மனசுக்கு நிம்மதியா இருக்கா?' என்று கேட்டுவிட்டுப் படத்தை இனாமாகக் கேட்கிறவருக்குப் படத்தைக் கொடுக்காதீர்கள். மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் எழுதுங்கள். புடவை, வண்ணம், இரவு எல்லாவற்றையும் கூட்டி விலை சொல்லுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் அம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். கல்லூரி மாணவிகளே, உங்கள் தெருவில் வரைகிறவர்களின் படங்களைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் படம்பிடித்து, பட்டியலிட்டு, எழுதி வையுங்கள். நாளை எவரேனும் சுவரை இடித்தால், இடிக்கப்பட்டது எதுவென்று சொல்லவாவது நம்மிடம் கணக்கு இருக்க வேண்டும்.