கேசரி போதும், ஆட வாங்க!

"ஐயா, புத்தி வளர்றதுக்கு ஏதாவது லேகியம் இருக்கா?"

என் வைத்தியசாலையில் மாதம் இரண்டு பேராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். நாலு வருஷத்துக்கு முன்பு அப்படிக் கேட்டு வந்தார் ஒரு தாய். பக்கத்தில் பதினாறு வயதுப் பையன். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை. வாசலில் நாலு படி ஏறி உள்ளே வருவதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"நாள் பூரா என்னம்மா பண்றான்?"

"டி.வி. பார்ப்பான் ஐயா. வெளியே விடறதில்லை. தெருப் பசங்க கேலி பண்றாங்க."

வல்லாரை, நீர்ப்பிரமி என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அந்தக் காலத்தில் அனுப்பியும் இருக்கிறேன். பாளையங்கோட்டையில் படித்துவிட்டு வந்த புதிதில், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் 'ரொம்ப ஓடியாட விடாதீங்க' என்று வேறு சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் பிறவியிலேயே வருவது இது. அதை மாற்ற எங்கள் ஓலைச்சுவடியிலும் மருந்து இல்லை, ஆங்கில வைத்தியத்திலும் இல்லை. ஆனால் படியேறும்போது மூச்சு வாங்கியதே, அதற்குக் காரணம் குரோமோசோம் மட்டுமல்ல. பதினாறு வருஷமாக அவனோடு ஆட ஒரு ஆள் இல்லை!

நம் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தைக்குப் பிறந்தநாள் என்றால் பக்கத்துச் சிறப்புப் பள்ளிக்குப் பணம் கட்டி மதியச் சாப்பாடு போடுவோம். கேசரி, வடை, ஒரு போட்டோ. நம் பிள்ளை கையால் பரிமாறச் சொல்வோம். ஒன்றரை மணிக்குக் கிளம்பிவிடுவோம். தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே உடம்பு அசையாத பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று பிறந்தநாள் கேசரி! அவர்களுக்கு நம் கேசரியை விட நம் பிள்ளைதான் தேவை. பரிமாறுவதற்கு அல்ல, ஒரே அணியில் நின்று ஆடுவதற்கு.

இதற்கென்றே ஒரு ஏற்பாடு உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் தங்கை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர். இவர்களுடைய சகோதரி ரோஸ்மேரிக்கு அறிவுசார் குறைபாடு உண்டு. 1962-ல் யூனிஸ் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இத்தகைய குழந்தைகளுக்குக் கோடை முகாம் நடத்தினார். அது வளர்ந்து 1968 ஜூலையில் சிகாகோவில் முதல் ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் ஆயிற்று. (பாராலிம்பிக்ஸ் வேறு, இது வேறு. பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) இந்தியாவில் இதை நடத்துவது ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் பாரத். 2023 ஜூனில் பெர்லினில் நடந்த உலகப் போட்டியில் நம் பிள்ளைகள் வாங்கிய பதக்கம் 202. அதில் தங்கம் மட்டும் 76. உங்கள் தெருவில் யாராவது பட்டாசு வெடித்தார்களா? என் தெருவில் இல்லை.

எட்டு வயதிலிருந்து போட்டியில் கலந்துகொள்ளலாம், மேல் வரம்பு கிடையாது. வயது, திறமை பார்த்துப் பிரிப்பதால், மெதுவாக ஓடுகிறவன் மெதுவாக ஓடுகிறவனோடுதான் ஓடுவான்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது 'யூனிஃபைடு' ஆட்டம்தான். குறைபாடு உள்ளவரும் இல்லாதவரும் ஒரே அணி. கூடைப்பந்து என்றால் களத்தில் ஐந்து பேரில் மூன்று பேர் இந்தப் பிள்ளைகள், இரண்டு பேர் துணை ஆட்டக்காரர்கள். எழுவர் கால்பந்தில் நாலுக்கு மூன்று.

அந்தத் தாயிடம் லேகியத்துக்குப் பதில் இரண்டு சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஒன்று இதய டாக்டருக்கு, இன்னொன்று எலும்பு டாக்டருக்கு. சித்த வைத்தியர் இப்படி எழுதலாமா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். எழுதத்தான் வேண்டும்! டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவே பிடிப்புத் தளர்ந்திருக்கும். அதனால் கழுத்தைச் சோதிக்காமல் குட்டிக்கரணம், சிரசாசனம், தண்ணீரில் தலைகுப்புறப் பாய்வது எதுவும் கூடாது. சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடுக்கு எடுப்பது, அரைகுறை வர்மக்காரரிடம் கழுத்தைக் கொடுப்பது... வேண்டவே வேண்டாம். திடீரென்று நடை தடுமாறினாலோ, கை கால் மரத்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தைராய்டு சுரப்பு குறைவதும் இவர்களுக்குச் சகஜம். 'சோம்பேறி, அதான் குண்டாயிட்டான்' என்று திட்டுவதற்கு முன்னால் ரத்தத்தைப் பரிசோதித்துப் பாருங்கள். வலிப்பு வரும் பிள்ளை என்றால் மாத்திரையை நிறுத்தக்கூடாது. நீச்சல் குளத்தில் கண்காணிக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

பையனுக்கு இரண்டு சோதனையிலும் பயமில்லை என்று வந்தது. ஆட ஆள்? என் கடைசி மகனைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். 'ஞாயித்துக்கிழமை காலையிலயாப்பா?' என்று முனகிக்கொண்டே போனான். முதல் நாள் பந்தைப் பிடுங்கிப் பிடுங்கி எல்லாக் கூடையும் இவனே போட்டிருக்கிறான். பயிற்சியாளர் வெளியே உட்கார வைத்துவிட்டார். "தம்பி, பந்தை அவங்க கைக்குக் கொடுக்கத் தெரியலைன்னா உனக்கு இங்க இடம் இல்லை." துணை ஆட்டக்காரர் ஆட்டத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ளக்கூடாது என்பது விதியே. வீட்டுக்கு வந்து அன்றைக்கு முழுக்கப் பேசவில்லை. மறு ஞாயிறு நான் எழுப்பாமலே எழுந்து போனான்.

'எங்க பிள்ளையைச் சேர்த்துவிட்டால் படிப்பு கெட்டுடாதா?' என்று ஒரு பெற்றோர் கேட்டார்கள். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம்! டியூஷனில் உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்று என்னிடம் வரும் பிள்ளைகள்தானே இவர்கள். 'அடிச்சுட்டா?' என்று இன்னொருவர். இந்தப் பயம்தான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. இத்தனை வருஷத்தில் அடிபட்டு என்னிடம் வந்தது அந்தப் பையன்தான். தெருவில் கல் எறிந்தவன் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை.

கூடைப்பந்து மைதானம் இல்லையே என்றால் போச்சே என்ற விளையாட்டு இருக்கிறது. சின்னப் பந்து ஒன்றை உருட்டிவிட்டு, அதன் பக்கத்தில் போய் நிற்கும்படி பெரிய பந்துகளை உருட்ட வேண்டும். அவ்வளவுதான். அபார்ட்மெண்ட் வாசலில் ஆடலாம். தாத்தாவும் ஆடலாம்.

பையனுக்கு இப்போது இருபது வயது. எடை இன்னும் கொஞ்சம் அதிகம்தான். புத்தியும் அப்படியேதான் இருக்கிறது, வளரவில்லை. ஆனால் என் வாசல் படியை ஒரே மூச்சில் ஏறி வந்து, "உங்க பையன் எங்கே?" என்று அதட்டுகிறான். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மறுநாள் ஆறு மணிக்கே ஷூ போட்டு உட்கார்ந்திருப்பானாம்.

என் மகன் அடுத்த மாதம் வேலைக்காக வெளியூர் போகிறான். அணியில் ஒரு இடம் காலி. எங்கள் தெருவில் ஏழு வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டேன். எட்டாவது வீட்டுக்கு நாளைக்குப் போக வேண்டும்.