அகதி என்றால் அழணுமா?

2009 ஆஸ்கரில் ரஹ்மானுக்குக் கை தட்டினீர்கள்தானே? 'ஓ... சாயா' பாடலுக்காக அவரோடு பரிந்துரைக்கப்பட்ட இன்னொரு தமிழர் பெயர் ஞாபகமிருக்கிறதா?

மாதங்கி அருள்பிரகாசம். மேடையில் எம்.ஐ.ஏ. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர் துரத்த அகதியாக லண்டனுக்கே திரும்பிய பெண். கலைக்கல்லூரியில் சினிமா படித்தார். ஸ்ப்ரே பெயின்ட்டில் போரை வரைந்தார். பிறகுதான் பாட்டு. 2007-இல் அம்மா பெயரில் வந்த 'கலா' ஆல்பத்துக்காகச் சென்னைக்கே வந்து நம்ம உறுமியைப் பதிவு செய்துகொண்டு போனார். அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் துப்பாக்கிச் சத்தமே தாளம்!

உலகம் ஆடியது. நாம்?

அகதி என்றால் மூலையில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கணும். நாம் உச்சுக்கொட்டிவிட்டு சேனல் மாற்றணும். குண்டுச் சத்தத்தைத் தாளமாக்கித் திருப்பி அடித்தால், 'இதெல்லாம் ஒரு பாட்டா?' என்போம். நமக்கு வேண்டியது அவர்கள் கலை அல்ல சார், கண்ணீர்!