வீடு யாருடைய பெயரில்?

கிழக்கிலங்கைக் கரையோரத்தின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைத் தெருக்களின் வரலாற்றை எழுதிவைக்க வேண்டும் என்று யாராவது வாய் திறந்தால், பதில் ஒன்று தயாராக வந்து விழுகிறது. இருந்ததையெல்லாம் சுனாமி கொண்டுபோய்விட்டதாம். மிஞ்சியது இறைநேசர் பெயரிலான கொடியேற்றமும் கந்தூரி விருந்தும்தானாம், அது மார்க்கத்துக்கு ஆகாதாம். பிள்ளைகளுக்குத் தொழிலும் ரோடும் கொடுங்கள், பழங்கதை எதற்கு என்கிறார்கள். படித்தவர்களும் பொறுப்பில் இருப்பவர்களும் இதைச் சொல்வதுதான் வேதனை. இந்த அலட்சியத்துக்கு நம் பெண்கள் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று இலங்கையில் மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நம் ஊர்கள் அடங்கிய அம்பாறை மாவட்டம். அலை சுவரை இடித்தது உண்மை. அந்த வளவு யாருடையது என்பதை அலையால் அழிக்க முடியவில்லை. இந்தக் கரையில் வீடு பெண்ணுக்கு உரியது. உம்மா தன் வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, இளையவளுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று கட்டுவார். மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். ஒரே வேலிக்குள் மூத்தம்மா, சாச்சி, ராத்தா, தங்கச்சி. குடி என்னும் வம்சப் பிரிவும் தாய்வழியில்தான் வருகிறது. பள்ளிவாசலில் நிர்வாகத்தில் குடிக்கொரு பிரதிநிதியாக மரைக்கார் இருந்ததும் அந்தக் கணக்கில்தான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்து, 2008இல் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். நாம் எழுதினோமா?

சுனாமிக்குப் பின் கடலோரத்தில் மீண்டும் வீடு கட்டத் தடை வந்தது. மாற்று வீடுகள் பகிரப்பட்டபோது, படிவத்தில் 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் ஆணின் பெயர் ஏறியது. சீதனமாக வந்த வீட்டை இழந்த பெண்கள் பலருக்கு, ஈடாகக் கிடைத்த வீடு கணவன் பெயரில் வந்தது. கூட்டு உரிமையாவது தாருங்கள் என்று பெண்கள் கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. நம் ஊர்ச் சொத்துமுறை இதுதான் என்று அதிகாரியின் மேசையில் வைக்க, நாமே தொகுத்த ஓர் ஏடு இருந்திருந்தால் அவர்களுடைய கை ஓங்கியிருக்கும். பழங்கதை எதற்கு என்று கேட்பவர்கள் அந்தப் பெண்களின் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும்.

மார்க்கத்துக்கு ஆகாது என்கிற அந்தக் கொடிக்கு வருவோம். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் இறைநேசர் ஷாகுல் ஹமீது நாயகத்தின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேறுகிறது. அது பித்அத், அதாவது மார்க்கத்தில் புகுத்தப்பட்ட புதுமை என்று நினைக்க ஒருவருக்கு உரிமை உண்டு. அவரைக் கொடியேற்ற யாரும் அழைக்கவில்லை. கடலுக்கு அப்பால் இருக்கும் நாகூர் இந்த மணலுக்கு எப்படி வந்தது, கொடிக்காலத்தில் யார் கடை போட்டார்கள், அயலூர்த் தமிழர் எப்படிக் கலந்தார்கள் என்று எழுதத்தான் கேட்கிறோம். எழுதுவது வணக்கமாகாது. ஒன்றைப் பிழை என்று தீர்ப்புச் சொல்பவருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்க வேண்டாமா?

தொழில் கேட்பவர்களுக்கு மருதமுனைக் கைத்தறி கண்ணில் படவில்லையா? அது வரலாறும்தான், சோறும்தான்.

நாம் எழுதாமல் சும்மா இருந்தால் அந்த இடம் சும்மா இருக்காது, வேறு யாராவது எழுதுவார்கள். கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்காக 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணி ஒன்று அமைக்கப்பட்டது. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கு நியமிக்கப்பட்ட அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு முஸ்லிமும் இல்லை, ஒரு தமிழரும் இல்லை. கொதித்தோம், அறிக்கை விட்டோம். ஆனால் நமது சான்றுகள் பெரும்பாலும் கல்வெட்டில் இல்லை. காணி உறுதியிலும் பள்ளிவாசல் பதிவேட்டிலும் காவின் எனும் திருமணப் பதிவிலும் கிழவிகளின் நினைவிலும் கிடக்கின்றன. அவற்றைத் திரட்டாமல் கொதித்து என்ன பயன்?

சுனாமிக்கு முன் கடலோரத்தில் வீடு வைத்திருந்த உம்மாமார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வளவின் எல்லை, குடி, பக்கத்து வீட்டார் பெயர் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கல்முனை ஸாஹிராக் கல்லூரியும் மஹ்மூத் மகளிர் கல்லூரியும் உயர்தர மாணவர்களை அவர்களிடம் அனுப்பட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்கள் பழைய பதிவேடுகளைத் திறந்து கொடுக்கட்டும். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அவற்றைப் படியெடுத்துக் காக்கட்டும். இந்த வேலையைத் தொடங்க எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை.