பத்தாயிரம் அடிகளும் என் அம்மாவும்

சென்ற மாதம் தில்லியிலிருந்து அம்மாவிடம் பேசியபோது, மாலை நடையை விட்டுவிட்டதாகச் சொன்னார். முழங்கால் வலியா என்று கேட்டேன். அதுவன்று காரணம். கைப்பேசிச் செயலி நாள்தோறும் நாலாயிரத்துச் சொச்சமே காட்டுகிறதாம். பத்தாயிரம் அடியைத் தொடாத நடையால் பயனில்லை என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியிருந்தார்களாம். "பாதிகூட வரல, அப்புறம் எதுக்குப்பா நடக்கணும்?" என்றார். அறுபதை நெருங்கும் ஒரு பெண்ணின் நற்பழக்கத்தை ஓர் எண் பறித்துவிட்டது. அந்த எண்ணின் பிறப்பைச் சற்று விசாரிப்போம்.

1965இல் ஜப்பானில் யாமசா என்னும் கடிகார நிறுவனம் அடிகளை எண்ணும் சிறு கருவியொன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இட்ட பெயர் 'மன்போ-கெய்'. 'மன்' என்றால் பத்தாயிரம். 'போ' என்றால் அடி. 'கெய்' என்றால் மானி. கேட்க இனிய கூட்டுச்சொல். நினைவில் நிற்கும் முழு எண். பத்தாயிரத்துக்குக் கீழே நடந்தால் பயனில்லை என்று நிறுவிய ஆய்வெதுவும் அப்பெயருக்குப் பின்னால் இல்லை. மொழியியல் பயின்றவன் என்ற முறையில் எனக்கு இது வியப்பளிக்கவில்லை: ஒரு விற்பனைப் பெயர் காலப்போக்கில் அளவுகோலாகி, அளவுகோல் கட்டளையாகிவிட்டது.

அளந்து பார்த்தவர்கள் கண்டது வேறு. 2019இல் ஐ-மின் லீ குழுவினர் வெளியிட்ட ஆய்வில், சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களின் அடிகள் கருவி கொண்டு எண்ணப்பட்டன. நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட, 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவு. ஏறத்தாழ 7,500 அடிக்குப் பின் கூடுதல் பயன் தென்படவில்லை. இது நோக்காய்வு என்பதையும் சொல்லவேண்டும். உடல்நலமுள்ளவர்களே அதிகம் நடந்திருக்கவும் கூடும். ஆயினும் 'பத்தாயிரம் அல்லது பூச்சியம்' என்னும் மிரட்டலுக்கு இத்தரவில் இடமே இல்லை.

எண்ணைப் போலவே உருவகமும் ஏமாற்றும். 'கொழுப்பைக் கரைத்தல்' என்கிறோம். கரைந்தது எங்கேனும் வழிய வேண்டுமல்லவா? ஆகவே வியர்வையைப் பார்த்து மகிழ்கிறோம். மே மாத வெயிலில் தடித்த மேற்சட்டை அணிந்து ஓடுகிறோம். வியர்வை உடலைக் குளிர்விக்கும் நீர். எடைக்கருவியில் அதனால் குறைந்தது இரண்டு குவளைத் தண்ணீரில் திரும்பிவிடும். 10 கிலோ கொழுப்பு உடலில் முற்றும் செலவானால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறும், எஞ்சிய 1.6 கிலோ நீராகும் என்று மீர்மனும் பிரவுனும் 2014இல் கணக்கிட்டுக் காட்டினர். (இதைப் படித்துவிட்டு, உட்கார்ந்தபடியே பெருமூச்சு விட்டு மெலியலாம் என்று யாரும் புதிய செய்தி பரப்ப வேண்டா.)

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பையும், இரு நாளேனும் தசை வலுவூட்டும் பயிற்சியையும் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கிறது. பெண்களும் முதியோரும் இதில் அடக்கம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்ற பழைய நிபந்தனையையும் அது கைவிட்டது. துறைக் கட்டடத்தின் படிகளும் கணக்கில் சேரும்.

கருத்தரங்கில் மாதிரியின் அளவு என்ன, தரவு எங்கே என்று பிறரை உலுக்கும் நாம், உடலைப் பற்றிய செய்தி வந்தால் மட்டும் கேள்வியின்றி முன்னனுப்புகிறோம். இதன் விலையை உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சந்தா கட்டும் இளைஞர் கொடுப்பதில்லை. கொஞ்சமே இயலும் உடலும், கொஞ்சமே கிடைக்கும் நேரமும் உடையவர்கள், அந்தக் கொஞ்சமும் வீண் என்று நம்பி அமர்ந்துவிடுகிறார்கள்.

அம்மாவிடம் இவ்வளவும் சொன்னேன். செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நடக்கத் தொடங்கியிருக்கிறார். அந்தச் செய்தியை அனுப்பிய உறவினரிடம் பேசுவது என் பொறுப்பு. உங்கள் குடும்பக் குழு உங்கள் பொறுப்பு.