எட்டா, பதினாறா?

முத்துத் தாண்டவர் தில்லைக் கூத்தன் மேல் பாடிய கீர்த்தனை ஒன்றை ஸ்டாஃப் நோட்டேஷனில் எழுதி, வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் கீபோர்டுக்கும் பிரித்துக் கொடுப்பது இன்று குமராட்சியில் ஒரு வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தே முடிகிற வேலை. மியூஸ்கோர் போன்ற மென்பொருள் காசில்லாமலே கிடைக்கிறது. புதிய தாளைத் திறந்ததும் அது ஃபோர்-ஃபோர் என்ற தாளக்குறியைத் தானே போட்டுவிடும். ஆதி தாளமும் நான்கின் பெருக்கம்தானே என்று அதை அப்படியே விட்டுவிடத் தோன்றும். மத்திம காலத்தில் ஓடுகிற பாட்டுக்கு அப்படி விடக்கூடாது என்பேன். அங்கே போட வேண்டியது கட் டைம்: அரைவட்டத்தின் நடுவே நெடுக்காக ஒரு கோடு கிழித்த குறி. (அந்த அரைவட்டம் ஆங்கில எழுத்து இல்லை, ஐரோப்பாவின் பழைய தாளக்குறிகளில் ஒன்று.) பாரின் நீளம் இரண்டு குறிக்கும் ஒன்றே. ஃபோர்-ஃபோரில் குவார்ட்டர் நோட்டுக்கு ஒன்றாக நான்கு எண்ணுகிறோம். கட் டைமில் ஹாஃப் நோட்டுக்கு ஒன்றாக இரண்டே எண்ணுகிறோம்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஆதி தாளம், ஒரு களை, அட்சரத்துக்கு நான்கு சுரம், நிமிடத்துக்கு 72 அட்சரம். கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று சுரத்தை எய்த் நோட்டாக எழுதினால் ஓர் அட்சரம் ஒரு ஹாஃப் நோட் ஆகிறது. ஃபோர்-ஃபோரில் இதற்கு வேகம் குவார்ட்டர் நோட்டுக்கு 144. மெட்ரோனோமை ஓடவிட்டால் கை எட்டு எண்ணி ஓர் ஆவர்த்தனத்தை முடிக்கும்போது கிளிக் பதினாறு முறை விழுந்திருக்கும். ஒரு களைப் பாட்டுக்கு இரண்டு களைத் தாளம் போட்ட கதைதான். கட் டைமில் ஹாஃப் நோட்டுக்கு 72 என்று எழுதுங்கள்: கிளிக் எட்டு, கையும் எட்டு. லகுவுக்கு இரண்டு பார், திருதம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பார். பதினாறு, எட்டு, எட்டு என்று சுரதாளக் குறிப்பில் நாம் கோடு போட்டுப் பிரிக்கிற அதே இடங்களில் பார்க்கோடும் விழுகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழிசைப் பாடல்களைச் சுரதாளக் குறிப்போடு தொகுதி தொகுதியாக வெளியிட்டிருக்கிறது. அவற்றைக் கணினிக்கு மாற்ற நினைப்பவருக்கு இந்தப் பொருத்தம் எவ்வளவு பெரிய உதவி!

காதுக்கு இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். சுரங்கள் ஒன்றேதான், மறுக்கவில்லை. ஆனால் நோட்டேஷனைப் பார்த்து வாசிப்பவர் சுரத்தை மட்டுமா வாசிக்கிறார்? ஃபோர்-ஃபோர் என்றால் வயலின்காரரின் வில் குவார்ட்டர் நோட்டுக்கு ஒரு சிறு அழுத்தம் கொடுக்கும். நான்கு சுரமும் ஒரே ஓட்டமாகப் போக வேண்டிய இடம் இரண்டிரண்டாகத் துண்டுபடும். சில மென்பொருள்கள் தானாகச் சேர்க்கும் டிரம் அடி இன்னும் மோசம். ஃபோர்-ஃபோரின் வழக்கமான இரண்டாவது, நான்காவது அடிகள் நம் தட்டுக்கும் விரலுக்கும் நடுவே போய் விழுகின்றன.

நம் இசைக்கு ஐரோப்பியக் குறியே எதற்கு என்ற கேள்வி பழையது. 1893இலேயே சென்னையில் சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை அந்த எழுத்தில் அச்சிட்டார். கமகத்தை அது முழுதாகத் தாங்காது, உண்மை. அதற்காகத் தாங்கக்கூடிய தாளத்தையும் தவறாக எழுதலாமா? விளம்ப காலத்தில் இரண்டு களையாகப் பாடும் உருப்படிக்கு ஃபோர்-ஃபோரே சரி. கை அங்கே உண்மையிலேயே பதினாறு எண்ணுகிறது. நான்கின் பெருக்கத்தில் அடங்காத மிசுரசாபுக்கு இந்தப் பேச்சே கிடையாது.

எழுதியதை அனுப்பும்போதும் கவனம் வேண்டும். மிடி கோப்பில் வேகம் எப்போதும் குவார்ட்டர் நோட் கணக்கில்தான் பதிவாகும். கிளிக் எங்கே விழ வேண்டும் என்பதற்குத் தனி எண் உண்டு. குவார்ட்டர் நோட்டுக்கு 24 துடிப்பு என்பதால் கட் டைமுக்கு அது 48 ஆக இருக்க வேண்டும். 24 என்றே நின்றுவிட்டால் அந்த எண்ணைப் படிக்கிற மென்பொருளில் மறுபடி பதினாறு கிளிக்தான். கோடு கிழித்த குறிக்கு மிடியில் இடமே இல்லை. மியூசிக் எக்ஸ்எம்எல் கோப்பில் அந்தக் குறியும் சேர்ந்து போகும். வாசிப்பவருக்கு அதையே அனுப்புங்கள்.