ஏடு காப்போருக்கு இடம் எங்கே?

1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே திருகோணமலைக் கோட்டையை எழுப்பினர். பின்னர் ஒல்லாந்தர் வந்தனர், ஆங்கிலேயரும் வந்தனர். இத்துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்குத் தமிழும் சிங்களமும் வேண்டும். அந்நியர் மூவரின் மொழிகளும் வேண்டும். தனியொருவன் இத்தனையும் கற்பது அரிது. ஆதலால் மூலங்களை மின்வடிவாக்கி, வகைப்படுத்தி, எம்மொழியிலும் தேடத்தக்கவையாக்கித் தரும் வல்லுநர் பல்கலைக்கழகத்திற்கு இன்றியமையாதவர்.

ஆனால் அவருக்கு அங்கே கிடைப்பதென்ன? பேராசிரியருக்கு நிரந்தர இருக்கையும் ஓய்வூதியமும் உண்டு. இவருக்கோ, பெரும்பாலும், திட்டப் பணம் தீரும்வரைதான் வேலை. ஆய்வு நூலின் நன்றியுரையில் ஒரு வரி. அதுவும் ஆசிரியர் மனம் வைத்தால்!

“இயந்திரமே செய்துவிடாதா?” என்பார் உளர். பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார்க்கட்டும். ஆங்கில எழுத்துகளின் குவியலே தெரியும். யுனிகோடிலும் ‘கோணேசர்’ என்பதன் முதலெழுத்தை இருவிதக் குறியீட்டால் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. அவற்றை ஒன்றெனக் கொள்ளக் கற்பிக்கப்படாத தேடுகருவிக்கு வெவ்வேறு. திருகோணமலை, திரிகுணாமலய, டிரிங்கோமலி மூன்றும் ஓரூரே என்று பட்டியலில் இணைத்து வைப்பதற்கும் மொழியறிந்த மனிதர் வேண்டும்.

“தொண்டர்கள் இருக்கிறார்களே” என்பது அடுத்த சமாதானம். உண்மைதான். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1998இல் மதுரைத் திட்டமும், 2005இல் ஈழத்து ஏடுகளுக்கென நூலகம் திட்டமும் தன்னார்வலர் உழைப்பால் எழுந்தன. அவர்களைப் போற்றுவோம். எனினும், அவர்தம் தியாகத்தைக் காட்டிப் பல்கலைக்கழகம் தன் கடமையிலிருந்து நழுவுவது நியாயமா? இரவில் கண்விழித்துச் செய்யும் தொண்டுக்கு வயதாகும், நோய் வரும், குடும்பம் இழுக்கும். நிறுவனத்தின் கடமைக்கு இவை இல்லை.

தமிழின் முதல் வரலாற்று நாவல் எனப்படும் ‘மோகனாங்கி’யை 1895இல் வெளியிட்ட எம்மூர்த் தி. த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னையில் சுவடி நூலகப் பணி பார்த்தவரே. ஏடு காப்பது அறிவு குறைந்தோர் வேலை என்று எண்ணுவோர் அவரை நினைவில் கொள்க.

நாம் கேட்பவை மூன்று: நிரந்தரப் பதவி, விரிவுரையாளருக்கு நிகரான ஊதியப்படி, ஆய்வின் முகப்பில் பெயர். பட்டமளிப்பு மேடையில் மொழியை வாழ்த்தும் நிருவாகிகளிடம், வரும் வரவுசெலவில் இப்பணிக்கு எத்தனை இடங்கள் என்று ஆசிரியரும் மாணவரும் ஒன்றுகூடிக் கேட்போம். விடை எண்ணிக்கையாக வரும்வரை விடலாகாது.